எல்டிஓ-7 டேப்பில் 9 டெராபைட்: எம்8 பற்றியும் அதை விடிஎல்லில் கொண்டுவருவது பற்றியும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓஎம்ஆர் பக்கம் எல்டிஓ என்ற காந்த நாடாவில் (டேப்பில்) பேக்கப் பார்ப்பவர்கள், வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஷூட்டிங் ஃபுட்டேஜை டேப்பில் ஏற்றுபவர்கள், டிஸ்க்கையே டேப் போலக் காட்டும் விடிஎல் மென்பொருளில் கோடு எழுதும் பிள்ளைகள் என மூன்று தரப்பும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பதில் போட்டுக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் இந்தத் தொகுப்பு. கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். முதல் ஆறு கேள்விகள் நிஜ டேப்பைப் பற்றியவை, மற்றவை விடிஎல் பற்றியவை. டேப் தெரிந்தவர்கள் நேராகப் பின்பாதிக்குப் போகலாம். ஆனால் 4, 5 இரண்டையும் மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

1. எம்8, எம்8னு சொல்றாங்களே சார், அது எல்டிஓ-8 டேப் தானே?

இல்லை, எல்டிஓ-7 கார்ட்ரிட்ஜ்தான். ஒரு தடவைகூட டிரைவுக்குள் போகாத புத்தம்புது எல்டிஓ-7 டேப்பை எல்டிஓ-8 டிரைவில் போட்டு, நெருக்கமான ஃபார்மட்டில் தொடங்கிவைத்தால் அது எம்8 ஆகிறது. 6 டெராபைட் பிடிக்க வேண்டிய டேப் 9 டெராபைட் பிடிக்கும். அசல் எல்டிஓ-8 டேப்பின் கொள்ளளவு 12 டெராபைட். ‘டைப் எம்’ என்று சிலர் சொல்வதும் இதைத்தான்.

2017-ல் எல்டிஓ-8 டிரைவுகளோடு வந்த வசதி இது. 2019-ல் ஃபுஜிஃபிலிமுக்கும் சோனிக்கும் நடந்த காப்புரிமைச் சண்டையில் எல்டிஓ-8 டேப்புக்குப் பெரிய தட்டுப்பாடு வந்தது. டிரைவை வாங்கி வைத்துக்கொண்டு டேப் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கைகொடுத்தது எம்8தான். நான் பார்க்கும் எம்8 டேப்களில் பலவும் அந்தச் சமயத்தில் வாங்கியவை.

2. அதே டேப், அதே நீளம். கூடுதல் 3 டெராபைட் எங்கேருந்து வந்துச்சு?

ட்ராக்குகளை நெருக்கியதில் வந்தது. எல்டிஓ-7 ஃபார்மட்டில் டேப்பின் அகலத்தில் 3,584 ட்ராக்குகள். அதே டேப் எம்8 ஆனால் 5,376. எல்டிஓ-8 டேப்பில் 6,656. அதே நோட்டில் கோடுகளை நெருக்கிப் போட்டு எழுதுகிற மாதிரிதான்.

கணக்குப் பார்க்க விரும்புபவர்களுக்கு: டிரைவின் ஹெட் ஒரே சமயத்தில் 32 ட்ராக் எழுதும். எனவே எல்7 (எல்டிஓ-7) டேப் நிரம்ப முன்னும் பின்னுமாக 112 ஓட்டம், எம்8 நிரம்ப 168 ஓட்டம். 168-ஐ 112-ஆல் வகுத்தால் ஒன்றரை. 6-இன் ஒன்றரை மடங்கு 9.

3. டப்பாவுல 22.5னு போட்டிருக்கு, நீங்க 9ங்கிறீங்க?

22.5 என்பது தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட எண். டேட்டாபேஸ் டம்ப், லாக் கோப்பு என்றால் அந்த அளவுக்குச் சுருங்கலாம். கேமராவிலிருந்து வரும் வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது, அதில் டிரைவ் பிழிந்தெடுக்க ஒன்றுமில்லை. படக் கம்பெனிக்காரர்கள் 9 என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடிஎல்லில் டேப் அளவு கொடுக்கும்போதும் இந்த 9தான் வேண்டும், 22.5 அல்ல.

4. எங்ககிட்ட பழைய எல்7 டேப் ஒரு பீரோ நிறைய இருக்கு. எரேஸ் பண்ணிட்டு எல்லாத்தையும் எம்8 ஆக்கிடலாமா?

முடியாது. ஒருமுறை எல்7 ஆகத் தொடங்கப்பட்ட டேப் கடைசிவரை எல்7தான். எரேஸ் செய்தால் தரவு போகும். கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறதே, அதில் ‘இந்த டேப் எந்த ஃபார்மட்டில் தொடங்கப்பட்டது’ என்று இருக்கும் பதிவு போகாது. எல்டிஓ-8 டிரைவ் அதைப் படித்துவிட்டு வழக்கமான 6 டெராபைட் டேப்பாகவே நடத்தும்.

டீகாஸரில் (காந்தப்புலத்தால் டேப்பை அழிக்கும் கருவி) காட்டிப் புதுசாக்கிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து வேண்டாம். எல்டிஓ டேப்பில் ஹெட் வழிபார்த்து ஓடுவதற்கான செர்வோ கோடுகளைத் தொழிற்சாலையிலேயே எழுதி அனுப்புகிறார்கள். டீகாஸர் அதையும் சேர்த்து அழித்துவிடும். அப்புறம் அந்த டேப்பை எந்த டிரைவாலும் எழுதவோ படிக்கவோ முடியாது.

5. எம்8 ஆக்கினதைத் திரும்ப எல்7 ஆக்க முடியுமா? டிஆர் சைட்ல எல்டிஓ-7 டிரைவ் மட்டும்தான் இருக்கு ப்ரோ.

அதுவும் முடியாது. 4-இல் சொன்ன கதவு இந்தப் பக்கமும் ஒருவழிதான். எம்8 டேப்பை எல்டிஓ-7 டிரைவால் எழுத முடியாது, படிக்கவும் முடியாது. உங்கள் டிஆர் சைட்டில், அதாவது பேரிடர் வந்தால் வேலையைத் தொடரும் மாற்று இடத்தில், எல்டிஓ-7 மட்டும் இருந்தால், அங்கே போய்ச் சேரும் எம்8 டேப்புகள் அலமாரியை அடைக்கத்தான் உதவும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. டேப்பை வெளியூருக்கு அனுப்புவதை ஒழுங்காகச் செய்கிறவர்கள்கூட ‘அங்கே இதைப் படிக்க டிரைவ் இருக்கிறதா’ என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

மேல்பக்கமும் வழி இல்லை. எல்டிஓ-9 டிரைவ் எல்9, எல்8 இரண்டையும் எடுத்துக்கொள்ளும், எம்8-ஐ எடுத்துக்கொள்ளாது. ஆக, எம்8 டேப்பைத் தொடக்கூடிய டிரைவ் உலகத்திலேயே ஒரே ஒரு தலைமுறைதான்: எல்டிஓ-8. பின்னால் வரும் விடிஎல் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு வரியிலிருந்து கிளைப்பவை.

6. பார்கோடு ஸ்டிக்கர்ல கடைசி ரெண்டு எழுத்துக்கு அவ்வளவு மரியாதையா?

ஆமாம். எல்டிஓ பார்கோடு எட்டு எழுத்து. முதல் ஆறு டேப்பின் பெயர், கடைசி இரண்டு டேப்பின் ஜாதகம்: எல்7, எம்8, எல்8 என்று. லைப்ரரியின் (ரோபோ கையால் டேப்பை எடுத்து டிரைவில் போடும் பெட்டியின்) ஸ்கேனர் புது டேப்பில் எம்8 என்று படித்தால்தான், அதை எல்டிஓ-8 டிரைவில் ஏற்றும்போது ‘இதை எம்8 ஆகத் தொடங்கு’ என்று டிரைவுக்குத் தகவல் போகும். அதே டேப்பில் எல்7 என்று ஒட்டியிருந்தால் 6 டெராபைட்டாகத் தொடங்கிவிடும், திரும்ப வழியில்லை.

லைப்ரரி இல்லாமல் மேசை மேல் ஒற்றை டிரைவ் வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரர்கள் கவனிக்க: புது எல்7 டேப்பை நேரடியாகப் போட்டால் பொதுவாக எல்7 ஆகவே தொடங்கும். உங்களுக்கு எம்8 வேண்டுமென்றால் முன்பே எம்8 ஆகத் தொடங்கி, ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் டேப்பை வாங்குவதுதான் நிம்மதி. தொடங்கிய எம்8 டேப்பை உங்கள் எல்டிஓ-8 டிரைவ் தாராளமாக எழுதும், படிக்கும்.

7. விடிஎல்னா ஹார்ட் டிஸ்க்தானே? அதுக்கு எதுக்கு டேப் வேஷம்?

பேக்கப் மென்பொருளை நம்பவைப்பதற்கு. விடிஎல் என்பது டிரைவுகள், ரோபோ கை, ஸ்லாட்டுகள், டேப்புகள் எல்லாம் இருப்பதுபோல ஸ்கசி (கணினி டிரைவுகளோடு பேசும் மொழி) கட்டளைகளுக்குப் பதில் சொல்லும் மென்பொருள். தரவு போவது டிஸ்க்கில் இருக்கும் கோப்புக்கு. லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் எம்எச்விடிஎல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு புரோசஸ், லைப்ரரிக்கு ஒரு புரோசஸ், இவற்றுக்கும் கர்னலுக்கும் நடுவே ஒரு மாட்யூல். ஒவ்வொரு டேப்பும் ஒரு கோப்புறை. அதற்குள் தரவு ஒரு கோப்பு, எந்த பிளாக் எங்கே என்ற குறிப்பு ஒன்று, டேப்பைப் பற்றிய விவரம் ஒன்று.

சிலர் விடிஎல்லை நிஜ பேக்கப்புக்கே வைத்திருக்கிறார்கள். நான் இங்கே பேசுவது ஒத்திகைக்காக வைத்திருப்பவர்களைப் பற்றி. லட்சக்கணக்கில் விலை போகும் டிரைவை வைத்து ‘தப்பான டேப்பைப் போட்டால் என்ன ஆகும்’ என்று யாரும் விளையாட மாட்டார்கள். விடிஎல்லில் விளையாடலாம்.

8. விடிஎல்லில் எல்7 டேப் சைஸை 9 டெராபைட்னு மாத்திட்டா வேலை முடிஞ்சுது. இதுல புதுசா என்ன சப்போர்ட் வேணும்?

இந்தத் தொகுப்பை எழுத வைத்த கேள்வியே இதுதான். சைஸை மாற்றினால் கிடைப்பது 9 டெராபைட் எல்7 டேப். அப்படி ஒரு பொருள் உலகத்தில் இல்லை. பேக்கப் மென்பொருள் அதை எல்டிஓ-7 டிரைவில் ஏற்றச் சொல்லும், விடிஎல்லும் சரி என்று ஏற்றும், ஜாப் பச்சையில் முடியும். அதே அமைப்பை நிஜ லைப்ரரியில் ஓட்டினால் முதல் ஜாபே சிவப்பு. ஒத்திகையில் வராத பிழை மேடையில் வந்தால் ஒத்திகை எதற்கு?

ஒவ்வொரு டேப் ஃபார்மட்டுக்கும் ஸ்கசியில் ஒரு அடர்த்திக் குறியீடு உண்டு. பதினாறடிமான எண்ணாகச் சொன்னால் எல்7-க்கு 5சி, எம்8-க்கு 5டி, எல்8-க்கு 5ஈ. விடிஎல்லில் எம்8-ஐச் சேர்ப்பது என்றால் இந்த 5டி எங்கெல்லாம் தலைகாட்ட வேண்டுமோ அங்கெல்லாம் ஒரே மாதிரி காட்டுவது. மோட் சென்ஸ் (டிரைவின் நிலையைக் கேட்கும் கட்டளை) கேட்டால் உள்ளே இருக்கும் டேப்பின் அடர்த்தி 5டி என்று வர வேண்டும். ‘உனக்கு எந்தெந்த அடர்த்தி தெரியும்’ என்று கேட்டால் எல்டிஓ-8 டிரைவின் பட்டியலில் மூன்றும் இருக்க வேண்டும், எல்டிஓ-7 டிரைவின் பட்டியலில் 5டி இருக்கவே கூடாது. கார்ட்ரிட்ஜ் சிப்பைப் படித்தால் அங்கேயும் 5டி. லைப்ரரியிடம் ஸ்லாட் நிலவரம் கேட்டால் எம்8 என்று முடியும் பார்கோடு.

இதில் ஒன்று மட்டும் எல்7 என்று உளறினால் போதும். சில மென்பொருள்கள் பார்கோடை நம்பும், சில மோட் சென்ஸை நம்பும், சில இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சண்டை போடும். கொள்ளளவு கடைசியில் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

9. அந்த கொள்ளளவுலயே எங்களுக்குக் குழப்பம். 9 டெராபைட்டை எம்பியில எழுதணும்னா 9 பெருக்கல் 1024 பெருக்கல் 1024 தானே?

அல்ல. டேப் தயாரிப்பாளர்களின் டெராபைட் பத்தின் அடுக்கு: 9 டெராபைட் என்றால் 9 லட்சம் கோடி பைட். நீங்கள் சொன்ன கணக்கில் போட்டால் கிட்டத்தட்ட 9.9 லட்சம் கோடி வரும், அதாவது பத்து சதவீதம் கூடுதல். நிஜத்தில் நிரம்பிவிடும் பேக்கப் செட் விடிஎல்லில் இடம் மிச்சமாகி உட்கார்ந்திருக்கும்.

ஆனால் கார்ட்ரிட்ஜ் சிப்பிலும் டேப் கொள்ளளவுக்கான லாக் பக்கத்திலும் எண்ணைச் சொல்லும் அலகு இரண்டின் அடுக்கு, 10,48,576 பைட் ஒரு அலகு. எனவே அங்கே சுமார் 85.8 லட்சம் என்று வர வேண்டும். 90 லட்சம் என்று வந்தாலோ 94 லட்சம் என்று வந்தாலோ யாரோ அலகைக் கலந்துவிட்டார்கள்.

10. டேப்பை உருவாக்கும்போதே எம்8ஆ பிறக்கணுமா, இல்ல முதல் லோடுல ஆகணுமா?

நிஜ உலகில் இரண்டு வகையும் உண்டு (6-இல் பார்த்தோம்). விடிஎல்லிலும் இரண்டையும் கொடுப்பதே சரி என்பேன். பேக்கப் மென்பொருளைச் சோதிக்கிற பெரும்பாலானவர்களுக்கு, பிறக்கும்போதே எம்8 ஆக இருக்கும் டேப் போதும். பார்கோடின் கடைசி இரண்டு எழுத்தைப் பார்த்தே அடர்த்தியை முடிவு செய்யும் வசதி இருந்தால் கட்டளையில் தனியாகச் சொல்லவும் வேண்டாம்.

லைப்ரரி நிர்வாகத்தைச் சோதிப்பவர்களுக்கு ‘கன்னி டேப்’ என்ற நிலையும் வேண்டும்: எல்டிஓ-7 ஊடகம், எம்8 ஸ்டிக்கர், இன்னும் எந்த ஃபார்மட்டும் இல்லை. இதை எல்டிஓ-8 டிரைவில் ஏற்றினால் எம்8 ஆக வேண்டும். தவறிப்போய் எல்டிஓ-7 டிரைவில் ஏற்றினால்? டிரைவைப் பொறுத்தவரை அது ஒரு புது எல்7 டேப், அவ்வளவுதான். 6 டெராபைட்டாகத் தொடங்கிவிடும். இப்போது ஸ்டிக்கர் எம்8 என்கிறது, சிப் எல்7 என்கிறது. இனி எந்தக் காலத்திலும் இரண்டும் ஒத்துப்போகாது. இந்த ஏடாகூடமான டேப்பை விடிஎல்லால் உண்டாக்கிக் காட்ட முடிந்தால், அதைச் செய்தவருக்கு என் செலவில் ஒரு ஃபில்டர் காபி. அதனால்தான் சொல்கிறேன், கோடில் பார்கோடையும் ஃபார்மட்டையும் ஒரே மாறியில் வைக்காதீர்கள். பார்கோடு லைப்ரரிக்குத் தெரிந்தது, ஃபார்மட் கார்ட்ரிட்ஜுக்குத் தெரிந்தது.

11. எல்டிஓ-7 டிரைவ்ல எம்8 டேப்பைப் போட்டா விடிஎல் என்ன சொல்லணும்? சும்மா எர்ரர் குடுத்தா போதாதா?

எந்த எர்ரர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சொல்லவே கூடாத பதில் ஒன்று உண்டு: ‘டேப் காலி’. ஸ்கசியில் பிழையின் வகையைச் சொல்லும் எண்தான் சென்ஸ் கீ; அது 8 என்றால் வெற்றிடம் என்று பொருள். நல்ல டேப்பை டிரைவ் வெற்றிடம் என்று சொன்னால், பேக்கப் மென்பொருள் ‘ஓ, புது டேப்’ என்று லேபிள் எழுதப் பார்க்கும். விடிஎல் அதையும் அனுமதித்தால் உள்ளே இருந்த தரவு போச்சு. அரைகுறையாக ஒரு ஃபார்மட்டைச் சேர்க்கும் கோடில் இந்தப் பிழை எளிதாக நுழையும். தெரியாத அடர்த்திக் குறியீடு வந்ததும் யாரோ இயல்புநிலைக்குத் தாவ விட்டிருப்பார்கள்.

சரியான பதில் சென்ஸ் கீ 3, அதாவது ஊடகப் பிழை; கூடவே 30 என்று தொடங்கும் கூடுதல் குறியீடு. 30-00 என்றால் பொருந்தாத ஊடகம் உள்ளே இருக்கிறது. 30-01 தெரியாத ஃபார்மட், படிக்க முடியவில்லை. 30-02 பொருந்தாத ஃபார்மட், படிக்க முடியவில்லை. நீங்கள் எந்த டிரைவின் வேஷம் போடுகிறீர்களோ, அதன் ஸ்கசி கையேட்டைப் பார்த்து அதே இணையைக் கொடுங்கள். டேப் திரும்ப ஸ்லாட்டுக்குப் போக வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். எர்ரர் கொடுத்த பிறகு டேப்பை இறக்கவும் மறுத்து டிரைவை அடைத்துக்கொள்ளும் விடிஎல் கோடை நான் பார்த்திருக்கிறேன்.

12. எல்டிஓ-8 டிரைவுக்கு 12 டெராபைட் எழுதத் தெரியுமே. எம்8 டேப்பை மோட் செலக்ட் போட்டு 5ஈ ஆக்கச் சொன்னா?

மோட் செலக்ட், அதாவது டிரைவின் அமைப்பை மாற்றும் கட்டளை, இப்படி வந்தால் மறுக்க வேண்டும், சென்ஸ் கீ 5 (தவறான கோரிக்கை) கொடுத்து. அடர்த்தியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மென்பொருளுக்குக் கிடையாது. டேப் என்னவோ அதுதான்.

13. வோர்ம் எம்8 உண்டா?

இல்லை. ஒருமுறை மட்டும் எழுதும் டேப் வேண்டுமென்றால் எல்எக்ஸ் என்று முடியும் எல்டிஓ-7 வோர்ம், எல்ஒய் என்று முடியும் எல்டிஓ-8 வோர்ம் உண்டு. விடிஎல்லில் யாராவது எம்8-ஐயும் வோர்மையும் சேர்த்துக் கேட்டால் டேப் உருவாக்கும் கட்டளையே பிழை சொல்லி நின்றுவிட வேண்டும்.

14. எங்க லைப்ரரில எல்டிஓ-7 டிரைவ் ரெண்டு, எல்டிஓ-8 டிரைவ் ரெண்டு கலந்து இருக்கு. பேக்கப் மென்பொருளுக்கு எம்8ஐத் தனியா சொல்லணுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். பல மென்பொருள்கள் ‘ஊடக வகை’ என்று ஒன்றை வைத்துக்கொண்டு, அதை வைத்துத்தான் எந்த டிரைவில் ஏற்றுவது என்று முடிவு செய்கின்றன. நெட்பேக்கப் என்ற பேக்கப் மென்பொருளில் எச்கார்ட், எச்கார்ட்2, எச்கார்ட்3 என்று வருவது இதுதான். அந்தப் பெயர்களுக்கும் எல்டிஓ தலைமுறைக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை, நாம் ஒதுக்குவதுதான். எல்7 டேப்புக்கும் எம்8 டேப்புக்கும் ஒரே வகை கொடுத்தீர்கள் என்றால், நான்கு டிரைவில் எது சும்மா இருக்கிறதோ அதற்கு எம்8 டேப் போகும். எல்டிஓ-8 டிரைவ் கிடைத்த இரவு ஜாப் ஓடும், எல்டிஓ-7 டிரைவ் கிடைத்த இரவு நிற்கும். திங்கள் ஓடியது செவ்வாய் ஏன் நின்றது என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

பார்கோடு விதியில் எம்8 என்று முடிவதற்குத் தனி வகை, தனி ஸ்க்ராட்ச் பூல் (காலி டேப்புகளின் தொகுப்பு), எல்டிஓ-8 டிரைவுகளில் மட்டும் ஏறும்படி. இதை முதலில் விடிஎல்லில் கட்டிப் பாருங்கள். மேலே 8, 11 இரண்டும் சரியாக இருக்கும் விடிஎல் உங்கள் விதியில் ஓட்டை இருந்தால் அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

15. டெஸ்ட் மெஷின்ல மொத்தமே 500 ஜிபி. 9 டெராபைட் டேப் இருபது எப்படி வைக்கிறது?

இருபதும் வைக்கலாம். எழுதிய அளவுக்குத்தான் டிஸ்க் செலவாகும். காலி டேப் சில கிலோபைட்தான். எம்எச்விடிஎல் போன்றவை எழுதும்போதே சுருக்கியும் வைக்கும். ஒரே ஆபத்து, டேப் நிரம்பும் முன் டிஸ்க் நிரம்புவது. அப்போது பேக்கப் மென்பொருளுக்குக் கிடைக்கும் எழுத்துப் பிழை நிஜ டேப்பில் பார்க்க முடியாத ஒன்று, அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

டேப் நிரம்பி அடுத்த டேப்புக்குத் தாவுவதைச் சோதிக்க வேண்டுமா? 8-ஆம் கேள்வியில் கேட்டதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: அடையாளம் எம்8 ஆகவே இருக்கட்டும், அளவை மட்டும் 2 ஜிபி என்று குறைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் நான்கைந்து டேப் நிரம்பிவிடும். மென்பொருள் டேப்பை வகைபிரிக்க அடர்த்தியையும் பார்கோடையும்தான் பார்க்கும், அளவு குறைவாக இருப்பதை அது பொருட்படுத்தாது.

16. விடிஎல்ல ஏற்கெனவே எல்7னு தரவோட இருக்கிற டேப்ல விவரக் கோப்பைத் திறந்து ஒரு பைட்டை மாத்தினா எம்8 ஆயிடுமே அண்ணே?

ஆகும். யார் தடுக்கப் போகிறார்கள், உங்கள் டிஸ்க், உங்கள் கோப்பு. ஆனால் நிஜத்தில் நடக்கவே முடியாத ஒன்றை (4-ஐப் பார்க்க) விடிஎல்லில் நடத்திவிட்டு அதன் மேல் ஒத்திகை பார்ப்பதில் லாபமில்லை. புது எம்8 டேப் உருவாக்கி, தரவை அதற்கு டூப்ளிகேட் போடுங்கள். நிஜ டேப்பிலும் செய்யப் போவது அதைத்தான்.

நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை: எம்8 தெரியாத பழைய பதிப்பு, புதிய பதிப்பு உருவாக்கிய எம்8 டேப்பைத் திறக்க நேரும். ஆபீஸில் ஒரு மெஷினை அப்டேட் செய்துவிட்டு இன்னொன்றை விட்டுவிடுவது சகஜம்தானே. தெரியாத குறியீட்டைக் கண்டால் பழைய பதிப்பு ஏற்காமல் விட வேண்டும். ‘எல்7 மாதிரிதான் இருக்கு’ என்று ஊகித்து எழுதத் தொடங்கினால் 11-இல் சொன்ன விபத்துதான்.

17. சப்போர்ட் சரியா வந்திருக்கானு எப்படிச் சோதிக்கிறது? ஒரு பேக்கப், ஒரு ரீஸ்டோர் போதுமா?

அது ஓடத்தான் செய்யும், அதிலிருந்து பெரிதாக ஒன்றும் தெரியாது. நான் முதலில் பார்ப்பது மறுப்புகளை. எம்8 டேப்பை எல்டிஓ-7, எல்டிஓ-6, எல்டிஓ-9 என ஒவ்வொரு மெய்நிகர் டிரைவிலும் ஏற்றிப் பாருங்கள், ஒவ்வொன்றும் 11-இல் சொன்ன வகையில் மறுத்து டேப்பைத் திருப்பித் தர வேண்டும். எழுதிய எல்7 டேப்பின் பார்கோடை மட்டும் எம்8 என்று மாற்றி எல்டிஓ-8 டிரைவில் ஏற்றுங்கள், அடர்த்தி 5சி என்றுதான் வர வேண்டும். எம்8 டேப்பை எரேஸ் செய்து மறுபடி ஏற்றுங்கள், எம்8 ஆகவே இருக்க வேண்டும்.

அப்புறம் அக்கம்பக்கம். எம்8 சேர்த்ததால் சாதாரண எல்7 டேப் எல்டிஓ-8 டிரைவில் எழுதுவது கெட்டுவிடவில்லையே என்று பாருங்கள். எல்டிஓ-7 வரை ‘இரண்டு தலைமுறை பின்னால் படிக்கும், ஒரு தலைமுறை பின்னால் எழுதும்’ என்பது விதி. எல்டிஓ-8 ஒரு தலைமுறையோடு நிறுத்திக்கொண்டது, எல்டிஓ-6 டேப்பை அது தொடாது. பழைய விதியைச் சூத்திரமாக எழுதி வைத்திருக்கும் கோடில் எம்8-ஐச் செருகும்போது இந்த இடம்தான் அடிக்கடி பிசகுகிறது. சூத்திரத்தைத் தூக்கிவிட்டு, டிரைவுக்கு ஒரு பட்டியல் என்று நேரடியாக எழுதிவிடுங்கள். அழகில்லைதான், ஆனால் படித்தாலே புரியும்.

18. எல்டிஓ-9 வந்தாச்சு, 10ம் வந்தாச்சு. இனிமே எம்8ஐ யார் சார் வாங்கப் போறாங்க?

புதிதாக வாங்க நானும் சொல்ல மாட்டேன். 2021-ல் வந்த எல்டிஓ-9 டேப் 18 டெராபைட் பிடிக்கும். 2025-ல் வந்த எல்டிஓ-10 டேப் 30 டெராபைட், ஆனால் அந்த டிரைவ் எந்தப் பழைய டேப்பையும் எடுத்துக்கொள்ளாது. இப்போது எம்8 சப்போர்ட் கேட்பவர்கள் வாங்கப் போகிறவர்கள் இல்லை, வைத்திருப்பவர்கள். ஆறேழு வருடம் முன்பு எழுதிய டேப்பில் ஒரு படத்தின் மொத்த ஃபுட்டேஜோ, தணிக்கைக்கு வைத்திருக்க வேண்டிய கணக்கோ இருக்கிறது, அதை எல்9-க்கு மாற்ற வேண்டும்.

19. அந்த மாற்றத்தை விடிஎல்ல ஒத்திகை பார்க்க முடியுமா?

முடியும், பார்க்கவும் வேண்டும். ஒரு மெய்நிகர் லைப்ரரியில் எல்டிஓ-8 டிரைவ் ஒன்று, எல்டிஓ-9 டிரைவ் இரண்டு வையுங்கள். பத்து எம்8 டேப், காலி எல்9 டேப் ஐந்தாறு. 15-இல் சொன்னபடி அளவைக் குறைத்துக்கொண்டு, எம்8 டேப்புகளை நிரப்பிவிட்டு டூப்ளிகேட் ஜாபைத் தட்டுங்கள். படிப்பது எல்டிஓ-8 டிரைவில் மட்டும், எழுதுவது எல்டிஓ-9-ல் மட்டும் நடக்கிறதா என்று பாருங்கள். மென்பொருள் புத்திசாலித்தனமாக எல்டிஓ-8 டிரைவையும் எழுத எடுத்துக்கொண்டால் படிக்க டிரைவ் இல்லாமல் ஜாப் காத்துக்கிடக்கும், அதைத் தடுக்கும் அமைப்பை இங்கேயே கண்டுபிடித்துக்கொள்ளலாம். விடிஎல்லில் தெரியாதது ஒன்று: நிஜ எல்9 டேப் முதல்முறை ஏறும்போது தன்னைச் சரிசெய்துகொள்ள இரண்டு மணி நேரம்வரை எடுத்துக்கொள்ளும். காலக்கணக்குப் போடும்போது அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஓடி முடித்ததும், அந்த ஒற்றை எல்டிஓ-8 டிரைவை மெய்நிகராகக் கழற்றிவிட்டு மீதி ஜாபை ஓட்டிப் பாருங்கள். ஒரு எம்8 டேப்பும் ஏறாமல் வரிசையாக எர்ரர் வரும். பழைய டிரைவுக்கு எதற்கு ஏஎம்சி என்று பர்ச்சேஸில் கேட்டால், அந்த ஜாப் லாக்கை ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.